வலது மேல் மூலை

காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, ஓவன் கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார் இஞ்ஞாசிமுத்து. இடப்பக்கம் கீழே தாள் வர மறுத்தது. இடப்பக்கம் மேலே கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வந்தது. வலப்பக்கம் மேல் மூலையில் இழுத்தபோது, உள்ளே பிடித்துக்கொள்ள ஆளே இல்லாதது போல வழுக்கிக்கொண்டு கைக்கு வந்துவிட்டது. மறுபடி வைத்தார், மறுபடி வந்தது. அட, என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாப்பிட்ட கையோடு சுவரைப் பார்த்துப் படுத்த எமரன்சி படுத்தபடியே கிடந்தாள். தூங்கவில்லை. தூங்குகிறவள் முதுகு இப்படி இருக்காது என்பது முப்பத்தாறு வருசமாக அந்த முதுகைப் பார்த்த புருசனுக்குத் தெரியும். மணி இரண்டு. பிளக்கைப் பிடுங்கியாயிற்று, தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாயிற்று, காலையில் வாங்கிவந்த புது ரப்பர் கழுத்தில் மாலை மாதிரி கிடக்கிறது, இனி பழையதைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. கைதான் போகமாட்டேன் என்றது. கழற்றினால் தெரிந்துவிடும். எட்டு மாசமாக அவள் சுட்ட கேக்கெல்லாம் நடுவில் குழி விழுந்து, ஒரு பக்கம் கருகி மறு பக்கம் மாவாகவே நின்றதற்குக் காரணம் இந்த மூலையா, இல்லை அவள் தலைக்குள் ஏதாவது கழன்றுகொண்டிருக்கிறதா. மூலைதான் என்றால், வருகிற புதன்கிழமை மதுரையில் நரம்பு டாக்டர் முன்னால் அவள் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை, நூறில் ஏழு போனால் எவ்வளவு என்று பிள்ளை மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பெங்களூரிலிருந்து மகள் ரெஜினா போனில் அழுதுகொண்டே வாங்கிக் கொடுத்த அந்த நேரத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மூலை இல்லை என்றால்? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு, முன்காலைத் தூக்கிய மாடு மாதிரி நின்றுவிடுகிறது. தட்டினாலும் போகாது, திட்டினாலும் போகாது.

தாளை இன்னொரு தரம் வைத்து இழுத்தார். வந்தது. தாள் பொய் சொல்லாது, ஆனால் தாள் சொல்வது அரைச் சேதிதான். ரப்பர் கெட்டுப்போயிருக்கிறது என்கிறது. எமரன்சி கெட்டுப்போகவில்லை என்று சொல்லவில்லை. ரெண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகக் கூடாது என்று எங்கேயாவது எழுதியா வைத்திருக்கிறது. நேற்று சாயங்காலம் வரைக்கும் அவருக்கு இப்படியொரு சந்தேகமே இல்லை. அமலோற்பவ மாதா திருநாளுக்குப் பங்குச் சாமியாருக்கென்று அவள் சுட்ட கேக் மேடையில் வயிறு ஒட்டிக் கிடக்க, அவர் வழக்கம்போல வீடு அதிரக் கத்திக்கொண்டிருந்தார். வெண்ணெய் வீண், முந்திரி வீண், மானம் வீண், நாளைக்குச் சாமியார் முகத்தில் நீ முழிப்பியா நான் முழிக்கவா. கத்துகிற வேகத்தில் அடுப்பின் மேல் கையை ஊன்றினார். நாலு பர்னரும் அதற்குக் கீழே ஓவனுமாக நிற்கிற பெரிய அடுப்பு அது, பர்னர் குமிழ்களெல்லாம் ஓவன் கதவுக்கு நேர்மேலே வரிசையாக இருக்கும். வலது ஓரக் குமிழில் மணிக்கட்டு பட்டதும் சுரீர் என்றது. வாய் நின்றது. வலி பொறுக்காமல் நிற்கவில்லை, இதைவிட எத்தனையோ சூடு பட்ட தோல் அது. மணிக்கட்டின் அடிப்பக்கத்தில் யாரோ வாயைக் குவித்து ஊதுகிற மாதிரி இருந்தது, அதனால்தான் நின்றது. கையை இடப்பக்கம் நகர்த்தினார், ஊதவில்லை. நடுவில் வைத்தார், ஊதவில்லை. வலது மூலைக்குக் கொண்டுபோனார், ஊதியது. எமரன்சி பயந்துபோய், "என்னாச்சு, நெஞ்சு வலிக்கா?" என்று ஓடிவந்தாள். "சும்மா இரு ஏட்டி" என்றார் அவர். அந்த நேரத்திலும் அவள் ஓடிவந்தாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஒரு நிமிசத்துக்கு முன்னால் மானத்தை வாங்கினவனுக்கு நெஞ்சு வலி என்றதும் ஓடிவருகிற மனுசிக்கு என்ன பேர் வைக்க. குமிழ் சுடுது என்று அவள்கூட ஒரு நாள் சொன்னாள். அடுப்புன்னா சுடத்தான் செய்யும், ஐஸா வைக்கும் என்று அவர்தான் எகிறினார். அன்றிலிருந்து அவள் ஒரு கரித்துணியால் குமிழைப் பிடித்துத் திருப்பப் பழகிக்கொண்டாள்.

காலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அந்தப் பெண் கேட்டது மாடல் நம்பர் ஒன்றுதான். கையில் எழுதிக்கொண்டு போயிருந்தார். அவள் உள்ளே போய் ரப்பரை எடுத்துவந்து மேசையில் போட்டாள். பொட்டலம் கட்டிக்கொண்டே, தன்பாட்டுக்குச் சொன்னாள்: "இது தேஞ்சுட்டா சூடு ஒரு பக்கமா வெளிய போயிரும் அய்யா. கேக்கு எந்திரிக்கப் பாக்கும், பாதியில உக்காந்துரும். நெறைய வீட்டுல பொம்பளையளத்தான் வைவாங்க." அவள் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் வெளியே வந்தார். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது, பேரமே பேசவில்லை. நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த டூவீலர்க்காரன் ஹார்ன் அடித்துத் தீர்த்தான். தூத்துக்குடியில் இஞ்ஞாசிமுத்து சொன்ன விலைக்கு ஒரு சாமான் வாங்கினான் என்று தெரிந்தால் பழைய சாமான் கடைக்காரனெல்லாம் அவருக்குப் பூசை வைத்து ஜெபம் பண்ணுவான், ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. அந்தப் பெண்ணே சந்தேகமாகப் பார்த்தாளே, நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாளே. பார்க்கட்டும். பொம்பளையளத்தான் வைவாங்க. சின்னப் பிள்ளை, யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிவிட்டது.

சரி, என்று ரப்பருக்கு அடியில் கையை விட்டார். முதல் கொக்கி, இடது கீழ் மூலை, சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. ரப்பரின் ஒவ்வொரு மூலைக்கும் உள்பக்கமாக நெல்மணி அளவில் ஒரு கம்பிக் கொக்கி, சட்டத்தில் அதற்குச் சரியாக ஒரு ஓட்டை. நாலு கொக்கி, நாலு ஓட்டை, வேறு பசையும் இல்லை ஆணியும் இல்லை. இவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது. எவனோ ஒருத்தன் எந்த ஊரிலோ உட்கார்ந்து, சூட்டில் பசை இளகும், ஆணி ரப்பரைக் கிழிக்கும், அப்போ என்ன செய்யலாம் என்று தாடையைத் தடவி யோசித்திருக்கிறான். அவனைப் பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்கலாம். இத்தனை வருசத்தில் எத்தனை ஓவன், எத்தனை பிரிட்ஜ், எத்தனை மோட்டாரைக் கழற்றியிருப்பார், ஒன்றையாவது இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் கழற்றினாரா என்று யோசித்தால், இல்லை. வாங்குகையில் குத்தம் கண்டுபிடிக்கக் கழற்றுவார், விற்கையில் குத்தத்தை மறைக்கக் கழற்றுவார். சும்மா தெரிந்துகொள்ளவென்று ஒரு திருகாணியைக்கூடத் திருகினதில்லை. பதினாலு வயசில் உப்பளத்தில் மூட்டை தூக்கி, சாக்கு தைத்து, விரலிடுக்கெல்லாம் உப்பு அரித்துப் புண்ணான காலத்தில், சேர்த்ததைப் பூராவும் போட்டு முதல் ஏலத்தில் நாற்பது மின்விசிறி எடுத்தார். நாற்பதிலும் உள்ளே சுற்றின கம்பிக் காயில் புகைந்துபோயிருந்தது. ஒன்றுகூடச் சுற்றவில்லை. ஏலக்காரன் சிரித்த சிரிப்பு இப்போதும் காதுக்குள் கேட்கும். அன்றைக்குக் கற்றுக்கொண்டது கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்பது. அதற்குப் பிறகு எந்தச் சாமானைத் தொட்டாலும் விரல் தானாகவே குத்தம் இருக்கிற இடத்துக்குப் போய் நிற்கும், பல் கூசுகிற இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. ஆனால் எமரன்சி விசயத்தில் மட்டும் விரல் எங்கே போயிற்று. வாய் அல்லவா போயிற்று.

இரண்டாவது கொக்கி, வலது கீழ் மூலை. கொஞ்சம் அசைத்தால் வந்தது. ரப்பரின் கீழ்ப்பாதி தொங்கியது, கருகின எண்ணெய்ப் பிசுக்கோடு. அவள் இதைத் துடைக்காமல் விட்டதில்லை, பிசுக்கு உள்பக்கம்தான், வெளிப்பக்கம் சுத்தம். ஒவ்வொரு தரமும் சுட்டு முடித்ததும் வெந்நீரில் துணி முக்கித் துடைப்பாள். இதெல்லாம் மறக்காதவள் பேக்கிங் பவுடரை மறப்பாளா. போன மாசம் அவள் சமையல் நோட்டு கையில் அகப்பட்டது. பென்சிலில் எழுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக் போட்டிருந்தாள், மைதா ஒரு டிக், சீனி ஒரு டிக், முட்டை ஒரு டிக், பேக்கிங் பவுடருக்கு மட்டும் ரெண்டு டிக். போட்டேனா என்று ஒரு தரம், போட்டேன் என்று நினைத்தது நிசந்தானா என்று ஒரு தரம். அந்த ரெண்டாவது டிக்கை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். இருந்தும் நோட்டை டப்பென்று மூடிவைத்துவிட்டு, காப்பி எங்கே என்று அதிகாரமாகக் கேட்டார். காப்பி என்றதும் உப்புக் காப்பி. அவளுக்கு எதிராக இருக்கிற பெரிய சாட்சி அதுதான். சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள், அவரும் குடித்துத் துப்பினார். ரப்பர் கெட்டால் காப்பியில் உப்பு விழாது. அது எப்போது நடந்தது? முதலில் உப்புக் காப்பியா, இல்லை முதலில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதா? ஈஸ்டர் அன்றைக்குத்தான் முதல் கேக் உட்கார்ந்தது, அன்றைக்குத்தான் வந்திருந்த சொந்தக்காரர் எல்லார் முன்னாலும், "ஒங்கம்மாவுக்கு வந்தது ஒனக்கும் வந்துட்டு" என்றார். அவள் அம்மா கடைசி ரெண்டு வருசம் அரிசியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்து, பெற்ற மகளைப் பார்த்து யாரும்மா நீ என்று கேட்டுச் செத்தவள். அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். அவர் எடுத்தார். கூட்டம் சிரித்தது. எமரன்சியும் சேர்ந்து சிரித்தாள், தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள், வெகுநேரம் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போ உப்புக் காப்பி அதற்கு முன்னாலா, பின்னாலா. முன்னால் என்றால் அவர் உள்ளதைத்தான் சொன்னார், கொஞ்சம் கடுமையாகச் சொன்னார், அவ்வளவே. பின்னால் என்றால். மூன்றாவது கொக்கியை, இடது மேல் மூலையில் இருந்ததை, விரலால் நெம்பிக்கொண்டே யோசித்தார். குடித்துத் துப்பின இடம் ஞாபகம் இருக்கிறது, பின்வாசல் முருங்கை அடியில். முருங்கையில் பூ இருந்ததா, காய் இருந்ததா. தெரியவில்லை. மேலே சட்டை போட்டிருந்தாரா, வேர்த்ததா. வேர்க்காத மாசம் எது இந்த ஊரில். வேறு பக்கமாக வந்து பார்த்தார். காப்பி. சீனி. சட்டென்று ஒரு வெளிச்சம். தவசு காலத்தில் அவர் காப்பிக்குச் சீனி போட்டுக்கொள்கிறதில்லை. கல்யாணம் ஆன வருசத்திலிருந்து நேர்ச்சை அது, விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் பூசை முடிகிற வரைக்கும் நாற்பது நாளும் கசப்புக் காப்பிதான், அவளும் சீனி டப்பாவைக் கையில் எடுக்கமாட்டாள். சீனி போடாத காப்பியில் சீனிக்குப் பதிலாக உப்பு எப்படி விழும்? ஆகவே ஈஸ்டருக்கு முன்னால் இல்லை. தவசு காலத்துக்கும் முன்னால் என்றால் அப்போது கேக்கெல்லாம் நன்றாகத்தானே வந்தது, கிறிஸ்மஸ் கேக்கை ஊரே கேட்டு வாங்கிற்றே, உப்புக் காப்பியும் அப்போதே குடித்திருந்தால் ஈஸ்டர் கூட்டத்தில் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பாரே. ஆகவே பின்னால்தான். ஈஸ்டருக்குப் பின்னால். அவர் சொன்ன பிறகுதான். கணக்கு வாத்தியார் கையால் சபாஷ் வாங்கின பையன் மாதிரி ஒரு கணம் நெஞ்சு விம்மியது. அடுத்த கணமே கண்டுபிடித்தது இன்னதென்று புரிந்து, விம்மினது அவள் கேக் மாதிரியே பாதியில் உட்கார்ந்துவிட்டது. அவர் சொன்னார், பிறகுதான் அவள் மறக்கத் தொடங்கினாள். குழாயை மூடினேனா, விளக்கை அணைத்தேனா, ஜெபமாலையில் எத்தனையாவது மணி என்று விரலை மடக்கி மடக்கிப் பார்க்கத் தொடங்கினாள். எதைப் பார்த்தாலும் பயப்படுகிறவள் கை எந்த டப்பாவில் போகும், அதையும் யோசித்துப் பார்க்கலாம். ஆனாலும் இதுவும் முழுச் சேதி இல்லையே. சொன்னதால் வந்ததா, வரவேண்டியது வந்த நேரத்தில் சொன்னாரா. மறுபடியும் அந்த மாடு முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நாலாவது கொக்கிதான் மல்லுக்கு நின்றது. வலது மேல் மூலை. உப்புக்காற்றில் துரு பிடித்து ஓட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. ரப்பர் அந்த இடத்தில் செத்த மண்புழு மாதிரி தட்டையாக, கல்லாக இறுகிக் கிடந்தது. மடித்தால் வெடித்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், இன்னொன்று சொன்னார், திருப்புளியின் முனையை உள்ளே விட்டு நெம்பினார், கொக்கி டங்கென்று தெறித்துப் பாத்திரங்களுக்கு நடுவே எங்கேயோ போய் விழுந்தது. ரப்பர் மொத்தமும் மடியில் விழுந்தது. ஓட்டையைச் சுற்றித் துணியால் துடைத்தார். கறுப்பு போனது, அடியில் வெள்ளைச் சட்டம் தெரிந்தது, சட்டத்தில் ஒரு கீறல். துடைத்தார். கீறல் போகவில்லை. ஒரு கீறல் இல்லை, ரெண்டு. குறுக்கும் நெடுக்குமாக, சின்னதாக, ஒரு பெருக்கல் குறி. துணியைப் போட்டுவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குறியை அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். சாக்கு தைத்த காலத்திலிருந்து சட்டைப் பையில் ஒரு கோணூசி வைத்திருப்பார். சாமான் பார்க்கப் போனால், குத்தம் இருக்கிற இடத்தில் அதன் முனையால் இப்படி ஒரு பெருக்கல் போடுவார். விற்கிறவன் பிறகு அப்படி ஒன்றும் இல்லை என்று வாய் திறக்க முடியாது, குறி போட்டாச்சு என்று காட்டிவிடலாம். ரெண்டு வருசத்துக்கு முன்னால், ஊரைக் காலிபண்ணிப் போகிற துறைமுக இன்ஜினியர் ஒருத்தர் வீட்டில் இந்த அடுப்பைப் பார்த்தபோது போட்டது. அவர் பேர்கூட வாயில் வரமாட்டேன் என்கிறது. வெள்ளை மீசை. ரப்பரை விரலால் ஒதுக்கி, குறியைக் கீறி, "சார், இந்த மூலையில ரப்பரு தளந்துட்டு. சூடு நிக்காது. இதுல கேக்கு எப்படி வேகும்?" என்று கேட்டது இதோ இந்த வாய்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பெண் காலையில் சொன்னதை அவர் ரெண்டு வருசத்துக்கு முன்னாலேயே, அதைவிட விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். மீசைக்காரர் முகம் சுருங்கிற்று, விலை இறங்கிற்று. விலை இறங்கினதும் குத்தமும் அதோடு தீர்ந்துவிட்டது. அப்படித்தான் அவருக்கு எப்போதும். குத்தம் என்பது விலையை இறக்குகிற ஏணி, இறங்கினபிறகு ஏணியை யார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வலது மேல் மூலை அன்றைக்குத் தளர்ந்திருந்தது, தளர்ந்து தளர்ந்து போன ஈஸ்டருக்கு மொத்தமாகச் செத்தது. இது இஞ்ஞாசிமுத்துக்குத் தெரியும். தெரிந்தே தெரியாமல் போயிற்று.

உட்கார்ந்த இடத்தில் கால் மரத்தது. அவசரமாக மூளை வேலை செய்தது, அது எப்போதும் செய்கிற வேலையை. இதில் எவ்வளவு சொன்னால் போதும். ரப்பர் போயிருந்தது, மாற்றிவிட்டேன், இனி நன்றாக வேகும். அவ்வளவு போதுமே. அவளுக்கு வேண்டியது அதுதானே, தன்மேல் தப்பில்லை என்று தெரியவேண்டும், யார்மேல் தப்பு என்று தெரியவேண்டிய கட்டாயம் என்ன. உப்புத்தாள் ஒரு துண்டு இருக்கிறது, நாலு தேய் தேய்த்தால் குறி போய்விடும். தன் சாமானின் குத்தத்தைத் தானே சொன்ன வியாபாரி உலகத்தில் உண்டா. உப்புத்தாளைக்கூட எடுத்துவிட்டார். கை, தேய்க்கிறதற்குப் பதிலாக, காலி ஓட்டையை ஊதிச் சுத்தம் செய்தது. பிறகு புது ரப்பரைக் கழுத்திலிருந்து எடுத்தது. மென்மையாக இருந்தது, கன்றுக்குட்டியின் காது மாதிரி. ரெண்டு முனையும் ஒட்டின இடம் கீழ்ப்பக்கம் வரவேண்டும் என்று தானாகவே புரிந்தது, சூடு மேலேதானே ஏறும், ஒட்டுப்போட்ட இடத்தை யார் மேலே வைப்பான். மேல் ரெண்டு மூலையையும் முதலில் மாட்டினார், பிறகு கீழே. இழுத்தால் நீண்டது, விட்டால் தன் இடத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்தது. சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். கதவைச் சாத்தினபோது சத்தமே வேறாக இருந்தது. முன்னால் தகரம் தகரத்தில் இடிக்கும். இப்போது பெரிய புத்தகத்தை மெதுவாக மூடின மாதிரி. தாளை வைத்தார். வலது மேல் மூலை. இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். தாள் கிழிந்து பாதி கையோடு வந்தது, பாதி கதவிடுக்கில் நீட்டிக்கொண்டு நின்றது.

"என்ன செய்திய?"

எமரன்சி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, தரையில் கிடந்ததையெல்லாம் பார்த்தாள்.

"ரப்பர் மாத்துதேன்."

"எதுக்கு? நான்தான் இனி இதத் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன்லா. வித்துருங்க. கேட்டவுகளுக்கெல்லாம் கிறிஸ்மஸ் கேக்கு இல்லன்னு சொல்லியாச்சு."

"இங்க வா. இந்தத் தாள இழு."

"விளையாட்டா இருக்கா ஒங்களுக்கு?"

"இழு ஏட்டி."

அவள் குனிந்து இழுத்தாள். வரவில்லை. பழைய ரப்பரை எடுத்து அந்தச் செத்த மூலையை அவள் கையில் கொடுத்தார். "பழசுல தாளு சும்மா வந்துச்சு. சூடு பூரா இது வழியா வெளிய போயிருக்கு. அதான் கேக்கு உக்காந்துட்டு. ஒன் கையில ஒண்ணுமில்ல. தலையிலயும் ஒண்ணுமில்ல." சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு சிரிப்பு வரும், ஒரு பெருமூச்சாவது வரும் என்று எதிர்பார்த்தார். அவள் அந்தத் தட்டையான இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். முகம் தெளியவில்லை, இன்னும் கறுத்தது.

"எட்டு மாசமா நாந்தான தொறந்து மூடுதேன்" என்றாள் கடைசியில், அவரிடம் இல்லை, ரப்பரிடம். "துடைக்கதும் நாந்தான. இவ்வளவு பெரிய சங்கதி கண்ணுக்கு முன்னால இருந்திருக்கு, எனக்குத் தெரியலியே. அப்ப டாக்டர்ட்ட இதையும் சொல்லணும்."

பாதியைக் கொடுத்தால் போதும் என்று நினைத்தாரே, கொடுத்த பாதியை அவள் தன் கழுத்துக்கே சுருக்காகத் திரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் அரை நிமிசம் விட்டால் இறுக்கியும் விடுவாள்.

"ஒனக்குத் தெரியாது" என்றார். "எனக்குத் தெரியும்."

"என்னது?"

கதவைத் திறந்து, புது ரப்பரை விரலால் ஒதுக்கி, குறியைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். அந்த வீட்டில் கட்டில், பீரோ, தையல் மிசின், எல்லாவற்றிலும் எங்கேயாவது ஒரு மூலையில் அந்தப் பெருக்கல் உண்டு.

"இது நீங்க போட்டதுலா."

"ஆமா. வாங்குத அன்னைக்கு. ரப்பரு தளந்திருக்குன்னு சொல்லித்தான் வெலைய எறக்குனேன். பெறவு மறந்துட்டேன்."

பிறகு அவள் நிமிர்ந்தாள். குரல் மெதுவாகத்தான் தொடங்கியது.

"நான் கேட்டேன்லா."

"என்ன கேட்ட?"

"லோடு ஆட்டோவுல. மூணாவது மைல் தாண்டுகையில மழை புடிச்சிட்டு. நான் முன்னால டிரைவருக்குப் பக்கத்துல, மடியில கேக்குத் தட்டு மூணு. நீங்க பின்னால அடுப்பப் புடிச்சிக்கிட்டு. படுதாவ எறக்குததுக்கு நிப்பாட்டுனான். அப்ப எறங்கி வந்து கேட்டேன். ரப்பரு நெசமாவே போயிருக்கா, உள்ள ஒங்க சத்தம் கேட்டுச்சேன்னு. என்ன சொன்னிய?"

அவர் யோசித்தார். மழை ஞாபகம் இல்லை. படுதா ஞாபகம் இல்லை. அவள் கூட வந்ததே இப்போதுதான் மங்கலாக வருகிறது. "தெரியலியே" என்றார்.

"ச்சீ, அது வெலைக்குச் சொன்னது ஏட்டி, சாமான் தங்கம்னிய. தங்கம்! முப்பத்தாறு வருசமா சாமான் வாங்கையில ஒரு நாளும் வாயில உண்மை வந்ததில்ல, அன்னைக்கும் பொய்தான்னு நம்புனேன். ஒங்க பொய்ய நம்பி, அடுப்பு தங்கம்னு நம்பி, என்னத்தான் ஓட்டைன்னு நெனச்சேன். ரெண்டு டிக் போட்டேன், ரெண்டு டிக்! எங்கம்மாவ இழுத்தீரே நாலு பேரு முன்னால!" எப்போது நீங்க போய் நீராயிற்று என்று அவளே கவனிக்கவில்லை. கையிலிருந்த பழைய ரப்பர் காற்றில் சுழன்றது. "ஒங்க அக்கா ஆக்னசு இருந்தா, அவ மருமவன் அல்லேசு இருந்தான், கடைசி வரிசையில பிளாஸ்டிக் சேர்ல மேரிடீச்சர் இருந்தா. அவதான் மொதல்ல சிரிச்சா. நான் அன்னைக்கு நீலச் சேலை. நீரு சட்டையில கறிக்கொழம்பு. யாரு சிரிச்சா, யாரு சிரிக்கலன்னு வரிசையாச் சொல்லவா?"

இஞ்ஞாசிமுத்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் தன்மேல் இப்படிப் பாய்ந்தால் அவருக்கு நரம்பெல்லாம் புடைக்கும், பதிலுக்கு ரெண்டு பங்கு பாய்வார், ஊருக்கே தெரியும். இன்றைக்கு அது வரவில்லை. நீலச் சேலை, கறிக்குழம்பு, பிளாஸ்டிக் சேர் என்று அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கண் அவள் வாயையே பார்த்தது.

"அந்த இன்ஜினியரு பேரு என்ன?" என்று கேட்டார், அடிக்குரலில்.

"தேவோத்தா சாரு. பொண்டாட்டி லூர்தம்மா. மூத்தவன் கப்பல்ல இருந்தான், எளையவளுக்கு அப்பதான் நிச்சயம். எலுமிச்சம்பழம் புழிஞ்சு தந்தாவ, ஒங்களுக்குச் சீனி பத்தலன்னு திருப்பிக் குடுத்திய, வெக்கங்கெட்ட தனமா. அவிய நாயி ஒங்க வேட்டியப் புடிச்சி இழுத்துச்சு, அந்த நாயிக்குப் பேரு ஜிப்சி. போதுமா?"

"போதாது" என்றார். "பெறவு?"

"பெறவு என்ன பெறவு? அடுப்ப எறக்கையில காம்பவுண்டுச் செவத்துல இடிச்சிய, பின்னால ஒரு நெளிவு இருக்கும், போயிப் பாரும். யாருக்கு மறதி இப்ப? ஆரக் கூட்டிட்டுப் போவணும் மதுரைக்கு? டிக்கெட்டு போட்டாச்சுலா, போவோம். போயி டாக்டர்ட்ட ஒம்மத்தான் காட்டுவேன். உப்புக் காப்பி நான் போட்டேன், சரி, அதுக்கு நானும் உக்காந்துகிடுதேன். ஆனா மொத நாக்காலியில நீரு." மூச்சு வாங்கினாள். பிறகு கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தாள். "என்ன சிரிப்பு?"

"சிரிக்கல."

"சிரிக்கிய."

"இல்ல ஏட்டி."

அவள் பழைய ரப்பரை அவர் மடியில் வீசினாள். குனிந்து, கதவைத் திறந்தாள், மூடினாள். அந்தப் புதுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். இன்னொரு தரம் திறந்து மூடினாள். வலது மூலையில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், ஓவன் குளிர்ந்துதான் கிடக்கிறது என்று தெரிந்தும்.

"எந்திரிங்க, வழிய விடுங்க" என்றாள். "பிளக்க மாட்டுங்க. முட்டை எடுக்கணும்."

"எத்தன முட்டை?" கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவருக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் திரும்பி நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"பரீட்சை வைக்கியளோ? ஆறு. ஏழாவது ஒங்க தலையில ஒடைக்கதுக்கு."

இஞ்ஞாசிமுத்து, உட்கார்ந்த இடத்திலேயே, தலையைக் குனிந்து கொடுத்தார்.